லிப்பிகேப் ரிவ்யூ: பாக்கெட் புடிக்கிற லைப்ரரி, எத நம்பலாம் எத நம்பக்கூடாது

நெட்வொர்க் ட்ராஃபிக்க பாக்கற வயர்ஷார்க் தெரியாத நெட்வொர்க் ஆளு கெடையாது, டிசிபிடம்ப் தெரியும், என்மேப் தெரியும், செக்யூரிட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு ஸ்னார்ட், சுரிகாட்டா, ஜீக் எல்லாம் தெரியும். இது அத்தனைக்கும் அடியில உக்காந்துகிட்டு நெட்வொர்க் கார்டுல வர்ற பாக்கெட்ட (நெட்வொர்க்ல போற டேட்டா துண்டு) அள்ளி மேல குடுக்குற லிப்பிகேப்ப மட்டும் யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, ஏன்னா அது ஒழுங்கா வேல செய்யுறவரைக்கும் அது இருக்கறதே தெரியாது. நான் மானிட்டரிங் டூல் எழுதுறதுக்கு சி-லயும் அப்புறம் கோ லாங்குவேஜ்லயும் இத ரொம்ப நாளா யூஸ் பண்றேன், அந்த அனுபவத்துல எழுதுறேன்.

தீர்ப்ப முதல்லயே சொல்லிடுறேன். பாக்கெட் கேப்ச்சர் பண்ற எந்த டூல் எழுதுறதா இருந்தாலும் இதுல இருந்து ஆரம்பிங்க, ஒவ்வொரு ஓஎஸ்ஸோட ரா சாக்கெட்டோட (பாக்கெட்ட நேரா எடுக்கற வழி) தனித்தனியா மல்லுக்கட்டாதீங்க. ஃபில்டர் விஷயத்துல இத அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா ஒரு ஓஎஸ்ல எழுதி டெஸ்ட் பண்ணிட்டு மத்ததுலயும் அப்படியே நடந்துக்கும்னு நெனச்சீங்கன்னா செமத்தியா வாங்குவீங்க. கோடு எல்லா எடத்துலயும் கம்பைல் ஆகும், ஆனா நடந்துக்கற விதம் எடத்துக்கு எடம் மாறும்.

கொஞ்சம் பூர்வீகம். அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி லேப்ல வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் மூணு பேரும் சேர்ந்து டிசிபிடம்ப் எழுதுனாங்க, 1980கள் கடைசில. பாக்கெட் புடிக்கிற பகுதியையும் ஃபில்டர் பகுதியையும் அதுல இருந்து பிச்சு தனியா எடுத்ததுதான் லிப்பிகேப். 1999ல இருந்து டிசிபிடம்ப் குரூப்னு ஒரு தன்னார்வ டீம் பாத்துக்குது, பிஎஸ்டி லைசென்ஸ், அதனால உங்க கமர்ஷியல் ப்ராடக்ட்டுக்குள்ள வெச்சு வித்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க (விண்டோஸ்ல கத வேற, பின்னாடி வர்றேன்). 1.0ன்னு நம்பர் போட்டதே 2008லதான், அது வரைக்கும் உலகம் பூராவும் 0 புள்ளி ஏதோன்னே ஓட்டிக்கிட்டு இருந்துச்சு.

யூஸ் பண்றது ரொம்ப சிம்பிள். எந்த இன்டர்ஃபேஸ்னு சொல்லி ஹேண்டில் ஓப்பன் பண்ணணும், ஃபில்டர் வேணும்னா அத கம்பைல் பண்ணி மாட்டணும், லூப் ஃபங்ஷன கூப்பிட்டு ஒரு கால்பேக் (லைப்ரரி திருப்பிக் கூப்பிடுற உங்க ஃபங்ஷன்) குடுக்கணும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த கால்பேக் ஓடும், அவ்ளோதான். அதே லூப்புக்கு லைவ் இன்டர்ஃபேஸுக்கு பதிலா டிஸ்க்ல சேவ் பண்ண ஃபைல குடுத்தாலும் கால்பேக்க பொறுத்தவரைக்கும் வித்தியாசமே தெரியாது, இது எவ்ளோ பெரிய வரம்னு டெஸ்ட் எழுதுறவங்களுக்குத் தான் புரியும், ப்ரொடக்ஷன்ல வந்த கோளாறு பாக்கெட்ட ஃபைலா எடுத்துட்டு வந்து லேப்டாப்ல எத்தன தடவ வேணும்னாலும் ஓட்டிப் பாக்கலாம். நெட்ல கெடைக்கிற பழைய டுடோரியல் எல்லாம் ஓப்பன் லைவ்னு ஒரே ஃபங்ஷன்ல முடிச்சிடும், புதுசா எழுதுறவங்க அத விட்டுட்டு கிரியேட் பண்ணி, ஒவ்வொரு செட்டிங்கா வெச்சு, கடைசில ஆக்டிவேட் பண்ற வழிக்கு வந்துருங்க. பஃபர் சைஸ், இம்மீடியட் மோட் மாதிரி நெஜமா தேவைப்படுற செட்டிங் எல்லாம் அந்த வழியிலதான் கெடைக்கும். லுக்அப்டெவ் ஃபங்ஷனையும் கைகழுவிட்டாங்க, ஃபைன்ட்ஆல்டெவ்ஸ் கூப்பிட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்துக்கங்க.

இனி ஃபில்டர். எனக்கு இந்த லைப்ரரி மேல இருக்கற மரியாதைல பாதி இதுக்குத்தான். "ஹோஸ்ட் இன்னது அண்ட் டிசிபி போர்ட் 443"ன்னு மனுசன் பேசற மாதிரி ஒரு வரி குடுத்தா, அத லைப்ரரி ஒரு குட்டி மெஷின் கோடா கம்பைல் பண்ணும், அந்த கோட கெர்னலுக்குள்ள (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஏத்தி விட்டுரும், பாக்கெட் வர வர கெர்னலே பாத்து வேண்டாதத அங்கயே தள்ளிடும். வேண்டாத பாக்கெட்ட உங்க ப்ரோகிராமுக்கு காப்பி பண்ற செலவே கெடையாது. இந்த ஐடியாவ மெக்கேனும் ஜேக்கப்சனும் 1993 யூஸ்னிக்ஸ் மாநாட்டுல பேப்பரா போட்டாங்க, அதான் பிபிஎஃப் (பெர்க்லி பாக்கெட் ஃபில்டர்). அதுக்கு முன்னாடி இருந்த ஃபில்டர் ஸ்டாக் மெஷின் மாதிரி வேல செஞ்சுது, இவங்க ரிஜிஸ்டர் வெச்ச மெஷினா மாத்துனாங்க, அதனால பழசவிட 20 மடங்கு வரைக்கும் வேகம்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க. ஒரு அக்யுமுலேட்டர், ஒரு இன்டெக்ஸ் ரிஜிஸ்டர், 16 வேர்ட் மெமரி, பின்னாடி ஜம்ப் பண்ணவே முடியாது, அதனால எந்த ஃபில்டரும் முடிவில்லாம சுத்திகிட்டு கெர்னல தொங்க விட முடியாது. இன்னிக்கு எல்லாரும் ஆஹா ஓஹோங்கிற ஈபிபிஎஃப் இந்த வம்சத்துல வந்த பேரப்புள்ளதான்.

நம்பலன்னா டிசிபிடம்ப்ல மைனஸ் டி ஆப்ஷன் போட்டு, ஃபில்டரா "ஐபி"ன்னு மட்டும் குடுத்துப் பாருங்க. ஈதர்நெட் இன்டர்ஃபேஸ்ல நாலே வரி வரும்: 12ஆவது பைட்டுல இருந்து ரெண்டு பைட் எடு, அது 0800ஆ (ஐபிவி4க்கான நம்பர்) பாரு, ஆமான்னா பாக்கெட்ட குடு, இல்லன்னா பூஜ்யம். புதுசா நெட்வொர்க் கத்துக்கற பசங்களுக்கு ஈதர்நெட் ஹெட்டர் எப்படி இருக்கும்னு சொல்லித்தர இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

அதே ஃபில்டர்லதான் கண்ணிவெடியும் பொதஞ்சு கெடக்கு. முதல் ஆளு "விலான்" கீவேர்ட் (ஒரே கம்பில பல நெட்வொர்க்க டேக் போட்டு பிரிக்கறதுதான் விலான்). இத எழுதுன ஒடனே அதுக்கு அப்புறம் வர்ற எல்லா கண்டிஷனும் நாலு பைட் தள்ளி பாக்க ஆரம்பிச்சிடும், பாக்கெட்ல விலான் டேக் இருக்குன்னு முடிவு பண்ணிட்டு. அதனால அண்ட் ஆர் போட்டு எழுதுறப்ப எத முன்னாடி எழுதுறோம் எத பின்னாடி எழுதுறோங்கிறத பொறுத்து ரிசல்ட்டே மாறும், சாதாரண லாஜிக்ல வரிசை மாத்துனா ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சிட்டு வந்தவனுக்கு இது தலை சுத்தும். மேனுவல்ல தெளிவா எழுதித்தான் இருக்கு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரங்க் போர்ட்ல (பல விலான் ஒண்ணா போற போர்ட்) கேப்ச்சர் போட்டுட்டு ஒரு பாக்கெட்டும் வரலயேன்னு முழிக்கிறப்ப எவன் மேனுவல பொரட்டப் போறான். எம்பிஎல்எஸ், பிபிபிஓஈ கீவேர்டுக்கும் இதே கததான்.

ரெண்டாவது ஐபிவி6. "போர்ட் 53"ன்னு எழுதுனா ரெண்டு வெர்ஷனும் வரும், பிரச்சன இல்ல. ஆனா டிசிபி ஃப்ளாக்க பாக்குறதுக்கு சதுர ப்ராக்கெட் போட்டு பைட் நம்பர் எழுதுவோமே, சின் பாக்கெட் (டிசிபி கனெக்ஷன ஆரம்பிக்கற பாக்கெட்) மட்டும் வேணும்னு, அது ஐபிவி4ல மட்டும்தான் வேல செய்யும். எரர் வராது, வார்னிங் வராது, வி6 பாக்கெட் பூராவும் சத்தமில்லாம காணாம போயிடும். இப்ப மொபைல் நெட்வொர்க் எல்லாம் வி6க்கு மாறிட்ட காலத்துல, சின் கவுண்ட் வெச்சு அலர்ட் அடிக்கிற ஸ்கிரிப்ட் ஏதாவது வெச்சிருந்தா இன்னிக்கே ஒரு தடவ எடுத்துப் பாருங்க. இன்னொண்ணு, துண்டு துண்டா ஃபிராக்மென்ட் ஆகி வர்ற பாக்கெட்ல முதல் துண்டுலதான் போர்ட் நம்பர் இருக்கும், அதனால போர்ட் ஃபில்டர் போட்டா மத்த துண்டெல்லாம் வராது. அது லைப்ரரி தப்பு இல்ல, ஆனா பெரிய டிஎன்எஸ் பதில் ஏன் பாதியா தெரியுதுன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதான்.

எஸ்எஸ்ஹெச்ல ரிமோட் சர்வர்ல உக்காந்து கேப்ச்சர் போடுறவங்க "நாட் போர்ட் 22" சேக்க மறந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல, ஸ்க்ரீன்ல ஒரு வரி பிரின்ட் ஆனா அதுவே புது பாக்கெட், அது இன்னொரு வரி, அப்படியே போய்க்கிட்டே இருக்கும்.

சரி, எங்க நம்பக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். நம்பர் ஒன் டைம்அவுட். ஓப்பன் பண்றப்ப மில்லிசெகண்ட்ல ஒரு டைம்அவுட் கேக்கும். பாக்குற எல்லாரும் என்ன நெனப்போம்? பாக்கெட் வரலன்னா இவ்ளோ நேரத்துல ரீட் ஃபங்ஷன் திரும்பி வந்துரும், அந்த கேப்ல நம்ம வேற வேல பாத்துக்கலாம்னுதானே. கெடையவே கெடையாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ப்ரோகிராம எழுப்பாம கொஞ்சம் சேத்து வெச்சு மொத்தமா குடுக்கறதுக்கு எவ்ளோ நேரம் காத்திருக்கலாங்கிற டைம் அது. சில ஓஎஸ்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, சிலதுல முதல் பாக்கெட் வந்தாத்தான் அந்த டைமரே ஸ்டார்ட் ஆகும், பாக்கெட்டே வரலன்னா உக்காந்துகிட்டே இருக்கும். பூஜ்யம் குடுத்தா இன்னும் மோசம், சில எடத்துல பஃபர் ரொம்புற வரைக்கும் வாயே தொறக்காது. மேனுவல்லயே இத நம்பி யூசர் இன்புட்ட செக் பண்ற மாதிரி எழுதாதீங்கன்னு பச்சையா எழுதி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒடனே கைக்கு வரணும்னா இம்மீடியட் மோட் போடுங்க (1.5ல வந்துச்சு), காத்திருக்காம வேற வேலையும் பாக்கணும்னா நான்பிளாக்கிங் மோட்ல வெச்சு ஃபைல் டிஸ்க்ரிப்டர எடுத்து போல் பண்ணுங்க, இல்ல தனி த்ரெட் வெச்சுக்கங்க. வேற த்ரெட்ல இருந்து பிரேக்லூப் கூப்பிட்டா தூங்கற லூப் ஒடனே முழிச்சிக்கும்னும் எல்லா ஓஎஸ்லயும் நம்பிட முடியாது.

இப்படி ஆகறதுக்குக் காரணம் இருக்கு, லைப்ரரிய மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல. அடியில லினக்ஸ்ல பாக்கெட் சாக்கெட்டும் ரிங் பஃபரும் (வந்த பாக்கெட்ட கொஞ்ச நேரம் வெச்சிருக்கற மெமரி), மேக்லயும் பிஎஸ்டிலயும் பிபிஎஃப் டிவைஸ், பழைய சோலாரிஸ்ல டிஎல்பிஐ, விண்டோஸ்ல ஒரு தனி ட்ரைவர். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளு ஒவ்வொரு காலத்துல எழுதுனது. மேல ஒரே சட்டைய மாட்டி விட்டிருக்காங்க, உள்ள இருக்கற ஒடம்பு வேற வேறதான்.

அடுத்தது லிங்க் லேயர். பாக்கெட்டோட முதல் 14 பைட் ஈதர்நெட் ஹெட்டர்னு கண்ண மூடிகிட்டு தாண்டுற கோடு கிட்ஹப்ல எக்கச்சக்கம். லினக்ஸ்ல "எனி"ன்னு எல்லா இன்டர்ஃபேஸையும் சேத்துக் கேக்குற டிவைஸ் குடுத்தா ஈதர்நெட் ஹெட்டருக்கு பதிலா குக்டு ஹெட்டர்னு வேற ஒண்ணு வரும், வைஃபை மானிட்டர் மோட்ல ரேடியோடேப்னு இன்னொரு ஹெட்டர் வரும், விபிஎன் டன்னல்ல ஹெட்டரே இல்லாம நேரா ஐபி வரும். டேட்டாலிங்க் ஃபங்ஷன ஒரு தடவ கூப்பிட்டா என்ன டைப்புன்னு சொல்லிடும், அத செக் பண்ணாம பார்ஸ் பண்ணாதீங்க. அதேமாதிரி பாக்கெட் ஹெட்டர்ல ரெண்டு நீளம் வரும், ஒண்ணு கேப்ச்சர் ஆன நீளம், இன்னொண்ணு கம்பில வந்த நெஜ நீளம். பார்ஸ் பண்றப்ப முதல்ல சொன்னத தாண்டிப் போயிடக் கூடாது, போனா மெமரி உங்களுது இல்ல. லிப்பிகேப் பாக்கெட்ட பிரிச்சு அர்த்தம் சொல்லாது, வெறும் பைட்தான் குடுக்கும், அர்த்தம் கண்டுபுடிக்கற பொறுப்பும் ஓட்டையும் நம்ம தலைலதான்.

சொந்த மெஷின்ல இருந்து வெளிய போற பாக்கெட் எல்லாம் செக்சம் தப்புன்னு காட்டுதே, பாக்கெட் எம்டியுவ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) விட பெருசா இருக்கேன்னு பதறுறவங்களுக்கு ஒரு வார்த்த: செக்சம் போடுறதும் பாக்கெட்ட வெட்டுறதும் இப்பல்லாம் கார்டோட வேல, லிப்பிகேப் அதுக்கு முந்தின கட்டத்துலயே புடிச்சிடுது. கம்பில சரியாத்தான் போகுது, நிம்மதியா தூங்குங்க.

வேகம் எப்படின்னா, ஆபீஸ் நெட்வொர்க், சாதாரண சர்வர், 1 ஜிகாபிட் வரைக்கும் பெரும்பாலும் கவலையே இல்ல. லினக்ஸ்ல டீஃபால்ட் ரிங் பஃபர் 2 எம்பி மட்டும்தான், ட்ராஃபிக் குபுக்குன்னு வந்தா ட்ராப் ஆகும், முதல் வேலையா அத ஏத்துங்க, பாக்கெட்ல ஹெட்டர் மட்டும் போதும்னா ஸ்னாப் லென்த்த (ஒரு பாக்கெட்ல எத்தன பைட் புடிக்கணுங்கறது) கொறைங்க. 10 ஜிகாபிட்ல சின்ன சின்ன 64 பைட் பாக்கெட்டா அடிச்சா செகண்டுக்கு 1 கோடியே 48 லட்சம் பாக்கெட், அதுக்கு இது ஆள் இல்ல, டிபிடிகே, ஏஎஃப் எக்ஸ்டிபி, பிஎஃப் ரிங் மாதிரி ஆட்கள கூப்பிடணும். ட்ராப் எவ்ளோன்னு ஸ்டாட்ஸ் ஃபங்ஷன் சொல்லும், ஆனா அந்த நம்பரயும் ஓஎஸ் பாத்துத்தான் படிக்கணும், வந்த பாக்கெட் கணக்கு சில எடத்துல ஃபில்டருக்கு முன்னாடி எண்ணுனது, சில எடத்துல பின்னாடி. இன்டர்ஃபேஸ் ட்ராப்னு ஒரு நம்பர் இருக்கு, பல எடத்துல அது சும்மா பூஜ்யமாவே நிக்கும், பூஜ்யம்னா ட்ராப்பே இல்லன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க.

பர்மிஷன் விஷயம். லினக்ஸ்ல ரூட்டா ஓட்டாதீங்க, கேப் நெட் ராங்கிற கேப்பபிலிட்டி மட்டும் பைனரிக்கு குடுத்தா போதும், ப்ராமிஸ்கியஸ் மோட்ல (கார்டு தனக்கு வராத பாக்கெட்டையும் எடுக்கற மோட்) பிரச்சன வந்தா நெட் அட்மினும் சேத்துக்கங்க. வயர்ஷார்க் டீம் இதுல கெட்டிக்காரங்க, பாக்கெட் புடிக்கிற வேலைய டம்ப்கேப்னு ஒரு சின்ன ப்ரோகிராமுக்கு குடுத்துட்டு, பார்ஸ் பண்ற பெரிய கோட சாதா யூசராவே ஓட்டுறாங்க. நீங்களும் அதே மாதிரி பிரிச்சு எழுதுங்க. மேக்ல டிவைஸ் ஃபைல் பர்மிஷன மாத்தணும், வயர்ஷார்க் இன்ஸ்டால் பண்றப்பவே அதுக்கு ஒரு பேக்கேஜ் குடுக்கும்.

விண்டோஸுக்கு வருவோம், அங்கதான் பர்ஸ் தொறக்கணும். லிப்பிகேப்ப விண்டோஸுக்கு கொண்டு வந்தது இத்தாலில டுரின் பாலிடெக்னிக் ஆட்கள், வின்பிகேப்னு பேரு. பல வருஷம் அதான் எல்லாருக்கும் சோறு போட்டுச்சு, 2013ல 4.1.3 வெளியிட்டதோட நின்னு போச்சு. இப்பவும் பழைய இன்ஸ்ட்ரக்ஷன் பாத்து அத இன்ஸ்டால் பண்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. இப்ப இருக்கறது என்மேப் டீமோட என்பிகேப், வேல சூப்பரா செய்யும், லூப்பேக் ட்ராஃபிக்கயும் (மெஷின் தனக்குள்ளயே பேசிக்கறது) புடிக்கும், வின்பிகேப்ல அது முடியாது. ஆனா அது ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் இல்ல. ஃப்ரீ வெர்ஷன 5 கம்ப்யூட்டர் வரைக்கும்தான் போடலாம், வயர்ஷார்க், என்மேப்புக்காக மட்டும் யூஸ் பண்ணா அந்த லிமிட் கெடையாது. உங்க ப்ராடக்ட்டோட சேத்து இன்ஸ்டாலர்ல வெச்சு குடுக்கணும்னா காசு குடுத்து ஓஈஎம் லைசென்ஸ் வாங்கணும், சத்தமில்லாம பின்னால இன்ஸ்டால் ஆகுற வசதியும் அதுலதான். அவங்களும் சம்பளம் குடுக்கணும், நான் குறை சொல்லல, ஆனா லினக்ஸ்ல எல்லாம் முடிச்சிட்டு கடைசி வாரத்துல விண்டோஸ் பில்டு போடலாம்னு பிளான் போடுற டீம் இத முதல் நாளே பட்ஜெட்ல எழுதிக்கணும். அங்க இன்டர்ஃபேஸ் பேரும் மனுசன் படிக்கற மாதிரி இருக்காது, நீளமா ஒரு ஐடி வரும், டிஸ்க்ரிப்ஷன எடுத்து யூசருக்கு காட்டுங்க.

ஃபைல் ஃபார்மேட் பத்தி ரெண்டு வார்த்த. ஆரம்பத்துல 24 பைட் ஹெட்டர், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னாடி 16 பைட், அவ்ளோதான், ஒரு சாயங்காலத்துல நீங்களே ரீடர் எழுதிடலாம். எழுதுன மெஷினோட பைட் ஆர்டர்லயே இருக்கும், முதல் நாலு பைட்ட பாத்து திருப்பணுமா வேணாமான்னு கண்டுபுடிக்கலாம். பாக்கெட் கேப்ச்சர்னா இந்த ஃபார்மேட்தான்னு ஊர் உலகமே ஒத்துக்கிட்டதுக்கு அந்த எளிமைதான் காரணம்னு நெனக்கிறேன். வயர்ஷார்க் இப்ப டீஃபால்ட்டா சேவ் பண்ற பிகேப் என்ஜிங்கிற புது ஃபார்மேட்ட லிப்பிகேப் ஒரளவு படிக்கும், எழுதாது. கமென்ட், பல இன்டர்ஃபேஸ் எல்லாம் ஒரே ஃபைல்ல வேணும்னா வேற வழி பாக்கணும். இதுல எனக்கு வருத்தம்தான், இத்தன வருஷத்துல பண்ணியிருக்கலாம்.

செக்யூரிட்டி ஆளுங்களுக்கு ஒரு பழைய கத. 2002 நவம்பர்ல டிசிபிடம்ப் சைட்டுலயே பூந்து சோர்ஸ் ஃபைல மாத்தி வெச்சிட்டாங்க, டவுன்லோட் பண்ணி கம்பைல் பண்ணா பின்வாசல் ஒண்ணு தொறக்கும். ரசிக்க வேண்டிய வில்லத்தனம் என்னன்னா, லிப்பிகேப்போட ஃபில்டர் கோட மாத்தி, அந்த பின்வாசல் யூஸ் பண்ற 1963ஆம் போர்ட் ட்ராஃபிக் மட்டும் கேப்ச்சர்ல தெரியாத மாதிரி பண்ணி வெச்சிருந்தாங்க. காவக்காரன் கண்ணுலயே மண்ணத் தூவுற வேல. சப்ளை செயின் அட்டாக்னு இப்ப ஆளாளுக்கு மேடைல பேசறதெல்லாம் இவங்க அப்பவே பாத்துட்டாங்க. இப்ப ரிலீஸ் எல்லாம் சைன் பண்ணித்தான் வருது, சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்றவங்க அந்த சிக்னேச்சர வெரிஃபை பண்ணிக்கங்க.

சி வேணாங்கறவங்களுக்கு கோ-ல கோபாக்கெட், ரஸ்ட்ல பிகேப் கிரேட், ஜாவால பிகேப்4ஜே, டாட்நெட்ல ஷார்ப்பிகேப் இருக்கு, எல்லாம் இதுக்கு மேல மூடுன போர்வைதான், அதனால மேல சொன்ன டைம்அவுட் கூத்து எல்லாம் அங்கயும் அப்படியே வரும். பைத்தான்ல ஸ்கேப்பி லினக்ஸ்ல சாதாரணமா நேரா சாக்கெட்ல போகும், சொன்னா லிப்பிகேப்பயும் யூஸ் பண்ணிக்கும்.

மேனுவல் பேஜ் தரமானது, ஆனா டுடோரியல் மாதிரி கைய புடிச்சு கூட்டிட்டு போகாது, எந்த ஓஎஸ்ல எது வேற மாதிரிங்கிறத நடுப் பாராவுல ஒளிச்சு வெச்சிருப்பாங்க, வரி விடாம படிக்கணும். டெபியன், உபுண்டுல டெவ் பேக்கேஜ் போட்டா போதும். எந்த வெர்ஷன்னு கேட்டா 1.10 வரிசை எடுங்க. 1.8க்கு முந்தினதுல ஃபில்டர் கம்பைல் பண்றது த்ரெட் சேஃப் கெடையாது, பழைய என்டர்பிரைஸ் லினக்ஸ்ல ஓட்டுறவங்க பல த்ரெட்ல ஃபில்டர் போடுறீங்கன்னா அந்த எடத்த சுத்தி ஒரு லாக் போட்டுக்கங்க. கம்பைல் ஃபங்ஷன் கேக்குற நெட்மாஸ்க் ஐபிவி4 பிராட்காஸ்ட் செக்குக்கு மட்டும்தான், தெரியலன்னா தெரியலங்கிறதுக்குன்னே ஒரு கான்ஸ்டன்ட் இருக்கு, அத குடுங்க, இதுக்காக இன்டர்ஃபேஸ் அட்ரஸ் எல்லாம் தோண்டிகிட்டு இருக்காதீங்க.

மார்க் போடணும்னா லினக்ஸ்ல மட்டும் ஓட்டுறவங்களுக்கு 5க்கு நாலரை, மூணு ஓஎஸ்லயும் ப்ராடக்ட் விக்கிறவங்களுக்கு 4. ஒவ்வொரு ஓஎஸ்லயும் பாக்கெட்டே வராத அமைதியான இன்டர்ஃபேஸ்ல ஒரு தடவ, ட்ராஃபிக் கொட்டுற இன்டர்ஃபேஸ்ல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு ரிலீஸ் பண்ணுங்க.